தை முடிந்ததும் பொதுத் தோட்டத்து வேலியைத் திறந்துவிடலாமா?

கேள்வி, ஜனவரி 29

எங்கள் ஊரில் மகளிர் குழு சேர்ந்து போட்ட காய்கறித் தோட்டம். இப்போது அவரை மட்டும் ஏதோ காய்க்கிறது, மற்றதெல்லாம் பழுத்துப்போய் நிற்கிறது. வழக்கமாகத் தை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, வேலியைத் திறந்து ஆட்டை விட்டுவிடுவோம். இனிமேல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஊற்றும் தண்ணீர்தான் வீண். ராமநாதபுரம் கரையோரத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஜனவரி 29, இரவு

திறக்காதீர்கள். மாசி கடைசி வரையாவது வேலி நிற்கட்டும்.

நாங்கள் இருப்பது பெரியபட்டினத்துக்கும் புதுமடத்துக்கும் நடுவே. ஊர்ப் பொது இடத்தில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் பாத்தி பிரித்துக்கொண்டு செய்கிறோம். கடல் கூப்பிடு தூரம். மண் முழுக்க மணல், கொத்தினால் சிப்பித் தூள் வரும். புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ப்பு, மார்கழியிலும் தையிலும் காய். வருடத்து மழையில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வேறு பட்டம் கிடையாது.

மழை நாளில் எல்லாச் செடியும் ஒரே பச்சையாகத்தான் நிற்கும். எது உப்பைத் தாங்குகிறது, எதன் வேரில் கோளாறு, எந்தச் செடியில் விதை எடுக்கலாம் என்பதெல்லாம் மழை விட்டுப் போன பிறகுதான் வெளியே தெரியும். அதைப் பார்க்காமல் ஆட்டை விட்டால், வருகிற புரட்டாசியில் மறுபடியும் கடையில் போய் விதைப் பாக்கெட்தான் வாங்க வேண்டும்.

ஜனவரி 30

"பழுத்துப்போய் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பழுப்பு என்று முதலில் பாருங்கள், எல்லாம் ஒன்றில்லை.

அடி இலை மட்டும் சீராக வெளுத்து, கொழுந்து நன்றாக இருந்தால் செடிக்கு வயதாகிறது. பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை உருவி விதைக்குக் கொண்டு போகிறது. அதற்கு மருந்து வேண்டாம், உரமும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நுனியிலும் ஓரத்திலும் கருகி, நடு இலை பச்சையாக இருந்தால் உப்பு. தண்ணீரைப் பாருங்கள்.

கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்கவில்லை. சிப்பி கலந்த மணலில் சுண்ணாம்பு அதிகம், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. நம் கரையில் இதைப் பல பேர் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள்.

வெண்டையில் இதற்கு நேர் எதிராக இருக்கும். நரம்பு மஞ்சள், இடைப்பட்ட இடம் பச்சை. அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ். அந்தச் செடியை மட்டும் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். அது விதை வழியாகப் போகாது, ஆனால் செடி நிற்கிற வரை ஈக்கு அதுதான் கிடங்கு.

போன வாரம் எங்கள் தோட்டத்தில் ஒரே வெண்டைப் பாத்தியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இலையைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பிள்ளைகள்கூடப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் அவர்களுக்கு விளையாட்டு.

பிப்ரவரி 1

மண்டபத்திலிருந்து ஒருவர் கடற்பாசிச் சாறு அடித்தால் ஓய்ந்த செடி மறுபடி எழுந்து நிற்குமா என்று கேட்டிருக்கிறார். அங்கே கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு நடக்கிறது, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் அங்கேயே இருக்கிறது, அதனால் சாறு அவருக்குக் கைக்கெட்டும் தூரம். நல்ல சரக்குதான். ஆனால் அதை வளர்கிற செடிக்கு அடியுங்கள். விதை முற்றுகிற அவரைக்கு அடித்துப் பயனில்லை. வெட்டிவிட்டு மறுதாம்புக்கு, அதாவது மறுபடி துளிர்த்துக் காய்க்க, விடுகிற கத்தரிக்கு அடிக்கலாம். கத்தரி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

மிளகாய்.

எங்களிடம் இரண்டு பாத்தி முண்டு, உருண்டை மிளகாய். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம்போல ஏக்கர் கணக்கில் இல்லை, வீட்டுக்குத்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விதையை யார் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் கை உயர்த்த ஆள் குறைவு. பக்கத்துப் பாத்தியில் நீளமான சம்பா மிளகாய் வைத்தால் பூச்சி வந்து இரண்டையும் கலந்துவிடும். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் செடிதான் என்றாலும் அயல் மகரந்தம் கலப்பதும் தாராளமாக நடக்கும். இரண்டு மூன்று தலைமுறை கழித்து உருண்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல் ஒரு காய் காய்க்கும். அதை முண்டு என்று சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் சம்பாவை இந்த வருடம் எதிர் மூலைக்கு மாற்றினோம், நடுவில் தட்டைப்பயறு. முழுக் காவல் இல்லை, இருக்கிற இடத்தில் முடிந்தது.

இப்போது முண்டு சிவக்கிற நேரம். மற்றச் செடிகள் ஓய்கிறபோது இது பழம் தருகிறது, மாசி பங்குனி வரைக்கும் இதற்கு வேலை இருக்கிறது. வேலியைத் திறக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

இலை சுருண்டிருந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கித் தோணியாக மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப் பேன். இலைப்பேன் வெயிலும் வறட்சியும் கூடக் கூடப் பெருகும். அப்படிச் சுருண்ட செடியில் எவ்வளவு நல்ல பழம் இருந்தாலும் நான் விதைக்கு எடுப்பதில்லை. சுற்றிலும் சுருண்டு கிடக்க, தான் மட்டும் விரிந்த இலையோடு நிற்கிற செடி ஒன்றிரண்டு இருக்கும். அதில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். யாரும் சட்னிக்குப் பறித்துவிடக் கூடாது.

பிப்ரவரி 8

அவரைக் கொழுந்தில் கறுப்பு அசுவினி அப்பிவிட்டது, மருந்து அடிக்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் காலையில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொடியின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு அசுவினி, அவற்றின் மேல் எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அசுவினி விடுகிற இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும். சரி, இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தால் இலைக்கு அடியில் பொறிவண்டின் புழு. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு காலில் நகர்கிற குட்டி முதலை. வண்டைத் தெரிந்தவர்களுக்கும் இதைத் தெரியாது, பூச்சி என்று நசுக்கிவிடுவார்கள். அது ஒரு அசுவினியைத் தாடையில் கவ்வி, உறிஞ்சி, தோலை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. 

மருந்து அடிக்கவில்லை. தண்டின் அடியில் எறும்பு ஏறுகிற இடத்தில் சாம்பல் தூவினோம். காவல் போனால் பொறிவண்டுக்கு வேலை எளிது.

பிப்ரவரி 9

சாம்பல் பனியில் கரைந்துவிடும், நிற்காது என்று ஒருவர் சொன்னது சரி. வெயில் ஏறிய பிறகு போடுங்கள், மறுநாள் மறுபடி போட வேண்டும்.

பிப்ரவரி 14

மாசி பிறந்துவிட்டது. காய்ப்பு முடிந்த செடிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினோம். எடுக்கிறபோது வேரைப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள் என்பதற்காகவே இந்தக் குறிப்பு.

தட்டைப்பயறு, அவரை, கொத்தவரை வேரில் முடிச்சு இருக்கும். வெண்டை, கத்தரி, தக்காளி வேரிலும் முடிச்சு இருக்கும். முதல் வகை நல்லது, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா குடியிருக்கும் வீடு. இரண்டாவது வேர்முடிச்சு நூற்புழு, மணல் மண்ணில் அதற்குக் கொண்டாட்டம். பிரித்தறிவது சுலபம். பயறு வேரில் இருப்பது வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தள்ளினால் வராது, வேர்தான் அறுபடும்.

பயறு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது. நேற்று நான் கீறியதில் பாதி பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. செடி தன் சத்தையெல்லாம் விதைக்கு அனுப்பத் தொடங்கினால் முடிச்சுக்குச் சாப்பாடு நின்றுவிடும். அப்படியானால் அந்த வேர் இனி மண்ணுக்குத்தான் சொந்தம். தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். மணலில் மட்க வேறு என்ன இருக்கிறது நம்மிடம்?

கத்தரி, வெண்டை வேர் வீங்கியிருந்தால் இதற்கு நேர்மாறு. வேரோடு பிடுங்கி, காயவைத்து, எரிக்க வேண்டும். உரக்குழியில் போட்டால் புழுவை நாமே எல்லாப் பாத்திக்கும் பரிமாறியதாகும்.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பைப் படித்த கேள்விக்காரர் "அப்படியானால் பிடுங்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள்" என்கிறார். ஆமாம், வேர் கெட்ட பாத்தியைப் பிடுங்கத்தான் வேண்டும். அந்தப் பாத்தியைச் சித்திரை வைகாசி வெயிலில் கொத்திப் புரட்டிக் காயப் போட வேண்டும், நூற்புழு வெயிலுக்குத்தான் அடங்கும். நான் மறுப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்குவதை. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு முடிவு. எங்கள் தோட்டத்தில் கிழக்கு ஓரப் பாத்திகளில் நூற்புழு அதிகம், மேற்கில் அநேகமாக இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஆனால் கிழக்கில் வருடா வருடம் கத்தரியே வைத்து வந்தோம். வருகிற பட்டத்தில் அங்கே துலுக்கச் சாமந்தியும் எள்ளும் வைக்கலாம் என்று பேச்சு.

அப்புறம், கத்தரி பற்றிச் சொல்ல வேண்டியது. வேர் சுத்தமாக இருந்து, சிற்றிலை நோய் இல்லாத செடியைத் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டுங்கள். கொஞ்சம் எரு, கொஞ்சம் தண்ணீர். பங்குனியில் புதுக் கிளை வந்து இன்னொரு சுற்றுக் காய்க்கும். இலை சின்னச் சின்னதாக, கொத்தாக வந்து காய் பிடிக்காத செடி சிற்றிலை, அது தத்துப்பூச்சி பரப்புவது. வெட்டினாலும் தேறாது.

பிப்ரவரி 20

தண்ணீர் ஊற்றும் முறை மாறிவிட்டது. நோன்பு மாதம் என்பதால் எங்கள் லாத்தாமார், முஸ்லிம் வீட்டு அக்காமார், மாலையில் வர முடியாது, நோன்பு திறக்கிற நேரம். அவர்கள் சகர் சாப்பாட்டுக்குப் பிறகு விடியலில் ஊற்றுகிறார்கள், மற்றவர்கள் மாலையில். இதனால் ஒரு நல்லது நடந்தது. ஊற்றுக்குழியில் ஒரே நேரத்தில் எல்லோரும் இறைப்பது நின்று, குழிக்கு ஊற நேரம் கிடைக்கிறது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நம் மணலுக்கு அடியில் இருப்பது மழைநீர், அதற்கும் அடியில் கடல் நீர். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கு திரும்பியும் அடிக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். மோட்டார் வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பி வந்துவிடும். நம் முன்னோர் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு எடுத்தது இல்லாமையால் மட்டுமில்லை. மேலே மிதக்கிற தண்ணீரை மட்டும் கலக்காமல் எடுக்க அது நல்ல வழி.

தோட்டத்தில் இது எப்படித் தெரிகிறது என்றால், தை பாதியில் அவரை இலை ஓரம் கருகத் தொடங்கியது. பக்கத்தில் தட்டைப்பயறு அலட்டிக்கொள்ளவே இல்லை. பாத்தி மேட்டில் வெள்ளை பூத்திருந்தது. தண்ணீர் மேட்டுக்கு ஏறி, காய்ந்து, உப்பை அங்கே விட்டுவிடுகிறது. மேட்டு உச்சியில் நட்ட செடிதான் முதலில் கருகியது, பக்கச் சரிவில் இருந்தவை தப்பின. அடுத்த நடவு சரிவில்தான் என்று முடிவாகிவிட்டது.

வேலியோரம் உமரியும் தலைகாட்டுகிறது. தரவையில், உப்பு மண் வெட்டவெளியில், முளைக்கிற பூண்டு. அது உள்ளே வந்தால் அந்த இடத்து மண் உப்பாகிவிட்டது என்று அர்த்தம். உமரி எங்கே முளைக்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 21

தண்ணீரின் உப்பை அளக்கக் கருவி வேண்டுமா என்று கேட்டவருக்கு: இருந்தால் நல்லது, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரும் பார்த்துத் தருவார்கள். அதுவரைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வதை நம்புகிறேன். பருப்பு வேக நேரம் எடுக்கத் தொடங்கினால், சோப்பு நுரைக்கவில்லை என்றால், அந்தக் குழித் தண்ணீரை இளம் நாற்றுக்கு ஊற்றாதே என்பார்கள்.

பிப்ரவரி 27

பீர்க்கங்கொடியில் பூ நிறைய, பிஞ்சு இல்லை. பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது.

பிஞ்சோடு வருவது பெண் பூ, வெறுங்காம்பில் வருவது ஆண் பூ. வெயில் ஏறி, பகல் நீள நீளப் பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ கூடிவிடும். கொடிக்கு நோய் ஒன்றுமில்லை, பருவம் முடிகிறது. மீதி இருக்கிற பெண் பூவைக் காயாக்க வேண்டுமென்றால் நேரம் பார்க்க வேண்டும். பீர்க்கு அந்தி சாயும்போது பூக்கும், பூசணி விடியலில் பூக்கும், சுரை மாலையில் வெள்ளையாக விரியும். எங்கள் தோட்டத்தில் மாலைத் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுகிறார்கள். அதில் பிடித்த காயில் நூல் கட்டி விதைக்கு விட்டிருக்கிறோம், கலப்பு இல்லாத விதை வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் நுரைப்பீர்க்கு இருந்தால் கவனம், இரண்டும் கலந்துவிடும்.

முதல் காய் ஒன்று நெற்றாகிவிட்டது. கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம். நுனியில் சின்ன மூடி ஒன்று இருக்கும், காய்ந்ததும் தானாகக் கழன்றுவிடும். தலைகீழாகப் பிடித்தால் கறுப்பு விதை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழுகிறது. உடைக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகள் அதை வாங்கி வாங்கி ஆட்டிப் பார்த்ததில் பாதி விதை மணலில் போனது, பொறுக்கி எடுக்கச் சொன்னோம், பொறுக்கித் தந்தார்கள்.

மார்ச் 3

பனங்கிழங்கு பற்றி யாரும் எழுதவில்லையே. தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆவணியில் பனங்கொட்டை பரப்பி மண் மூடிய பாத்தி இருந்தது. பொங்கலுக்குக் கிழங்கு எடுத்தோம், கொஞ்சத்தை விட்டுவைத்தோம். தையில் எடுத்தது நார் இல்லாமல் வெந்தது. இப்போது எடுத்தால் நார் ஏறிவிட்டது, குருத்தோலை வெளியே வந்துவிட்டது. அதை வீணாக்கவில்லை, வேலிக்கு வெளியே வரிசையாக நட்டாயிற்று. தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று தொடங்கினால் மணல் பறந்து பாத்தியை மூடும், அதற்குப் பனையும் மணலைப் பிடிக்கிற அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கிற கரைதான் தாக்குப்பிடிக்கும். இந்தக் கன்றுகள் பலன் தர எத்தனை வருடம் என்று தெரிந்துதான் நடுகிறோம். நம் பிள்ளைகள் பதநீர் குடிக்கட்டும்.

மார்ச் 9

வேலிக்குத் திரும்பி வருகிறேன். நான் முதலில் எழுதியதன் ஒரு பக்கத்தை இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கிற அப்பத்தா ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். "காய் உங்களுக்கு, கொடி எனக்குன்னுதான் பேச்சு. பங்குனி வந்தா வெளியில ஒரு பச்சை கிடையாது, குட்டி போட்ட ஆட்டுக்கு நான் என்னத்தைக் கொடுக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொதுத் தோட்டம் என்றால் அவருக்கும் பொதுதான். ஆட்டுப் புழுக்கை இல்லாமல் எங்கள் மணலில் ஒன்றும் விளையாது, அது வருவது அவர் ஆட்டிடமிருந்துதான்.

அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சித்திரை வைகாசியில் வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலின் நெற்று உதிரத் தொடங்கும். ஆட்டுக்கு அது மிட்டாய். தின்ற விதை வயிற்றில் செரிக்காமல், ஓடு மட்டும் இளகி, புழுக்கையோடு வந்து விழும். அப்படி வந்த விதைதான் நன்றாக முளைக்கும். சீமைக்கருவேல் இந்த மாவட்டத்தில் இவ்வளவு தூரம் பரவியதற்கு ஆடு மாட்டின் வயிறும் ஒரு வழி. அதனால் ஆட்டை விடுவதென்றால் நெற்று உதிர்வதற்கு முன்னால், பங்குனிக்குள் விடுவதுதான் தோட்டத்துக்கு நல்லது. வைகாசி வரை வேலியை மூடி வைத்துவிட்டு அப்புறம் கிடை போட்டால், மழை பெய்ததும் பாத்தி முழுக்க முள் முளைக்கும்.

ஆக, மாசி கடைசி வரை வேலி நிற்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பதை இப்போது சேர்க்கிறேன்.

மார்ச் 10

பாதித் தோட்டத்தை மட்டும் ஆட்டுக்குத் திறக்கக் குறுக்கே பழைய வலையைக் கட்டினால் போதும், புது வேலி வேண்டாம். கிழிந்த மீன் வலைக்கு நம் ஊரில் பஞ்சமா? ஆடு கொம்பை மாட்டிக்கொள்ளாமல் கீழே பனைமட்டை செருகுங்கள்.

மார்ச் 18

கிழக்குப் பாதியைத் திறந்துவிட்டோம். மேற்கில் முண்டு, வெட்டிவிட்ட கத்தரி, விதைக்கு விட்ட பீர்க்கு, அவரை நெற்று, நோன்புக் கஞ்சிக்கு வைத்த புதினா எல்லாம் வலைக்கு அந்தப் பக்கம்.

ஆடு எதை முதலில் தின்கிறது என்று பார்ப்பதற்கே கூட்டம் கூடிவிட்டது. சீனிக்கிழங்குக் கொடி முதலில், அடுத்தது தட்டைப்பயறுத் தண்டு. சாம்பல் நோய் பூத்த பூசணி இலையை மோந்துவிட்டுத் திரும்பியது. எருக்கங்கன்றைத் தொடவே இல்லை. நூற்புழு வேரையெல்லாம் முன்னமே பிடுங்கி எரித்துவிட்டதால் கிழக்கில் இனிப் பார்க்க வேண்டியது மண்ணை மட்டும்தான். பங்குனி முடிவதற்குள் ஆடு வெளியேறும், அதன் பிறகு கொத்திப் புரட்டுவோம்.

அப்பத்தாவுக்குச் சந்தோஷம். போகும்போது விதைக்கு வைத்திருந்த நெற்றில் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 29

விதை காயவைப்பது பற்றி நிறையப் பேர் கேட்டதால் சற்று விரிவாக.

அவரை, பயறு நெற்றை உரிப்பதற்கு முன் வெளித்தோலைப் பாருங்கள். ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் பயறு வண்டின் முட்டை. வண்டு டப்பாவில் வந்து சேர்வதாக நினைக்கிறோம், அது கொடியிலேயே முட்டை வைத்துவிட்டுப் போகிறது. புள்ளி உள்ள நெற்றைத் தனியே எடுத்துச் சமையலுக்கு வையுங்கள்.

முதலில் காய்த்ததையும் கடைசியில் சூம்பிக் காய்த்ததையும் விட்டுவிட்டு, நடுப் பறிப்புக் காயில் விதை எடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்று ஆன பிறகு பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். முண்டை நிழலில் காயவைத்துப் பழத்தோடேயே வைத்திருக்கிறோம், விதைக்கிற மாதம் உடைத்தால் போதும்.

நம் கரைக்கு என்று ஒரு சிக்கல் உண்டு, கடற்காற்றின் ஈரம். மத்தியானம் சுக்காகக் காய்ந்த விதை ராத்திரி வெளியில் கிடந்தால் மறுபடி ஈரம் குடித்துவிடும். அதனால் வெயில் ஏறிய பிறகு பரப்பி, சாயங்காலம் காற்று மாறுவதற்குள் அள்ளிவிட வேண்டும். சுடுகிற சிமெண்டுத் தரையில் போடாமல் பாயில் போடுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் பயறு பட்டென்று உடைய வேண்டும், பல் பதிந்தால் இன்னும் காயவில்லை. ஆறின பிறகு பாட்டிலில் போட்டு, அடியில் ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வையுங்கள், மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பயறுக்கு வசம்புத் தூள் கொஞ்சம். எங்கள் லாத்தா ஒருவர் வேப்பிலைச் சாம்பல் போதும் என்கிறார், அவர் வீட்டு விதையில் வண்டு நான் பார்த்ததில்லை.

பாட்டிலின் மேல் பெயரோடு, எந்தப் பாத்தி, செடி எப்படி நின்றது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். "அவரை, மேற்கு, உப்புக்குக் கருகாதது" என்று எழுதிய பாட்டில் எங்களிடம் ஒன்று இருக்கிறது. அந்தச் செடியில் நெற்று அதிகம் கிடைக்கவில்லை, ஆனால் தோட்டத்திலேயே பெரிய சொத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் எழுதியிருக்கிறார். அவர்கள் குழுவும் பாதி வேலியை மட்டும் திறந்திருக்கிறது, மீதியில் முண்டும் கத்தரித் தாம்பும் நிற்கிறதாம். கத்தரியில் புதுக்கிளை வந்துவிட்டது என்று படம் அனுப்பினார். கிளை நன்றாக இருக்கிறது, ஒரு செடிக்கு மூன்று கிளை விட்டால் போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

எங்களிடம் கொடுக்க இருப்பவை: முண்டு, பச்சை அவரை, உப்புத் தாங்கிய தட்டைப்பயறு, பீர்க்கு. பணம் வேண்டாம், வேறு விதை கொடுத்தால் போதும். எங்களுக்கு வேண்டியது கொத்தவரையும், கரையோரத்தில் வளர்த்த தக்காளி விதையும். கொத்தவரையை மயில் மேய்ந்துவிட்டது, ஒரு நெற்றுகூட மிஞ்சவில்லை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், ஆடிக்குள் வந்து வாங்கிக்கொள்கிறோம்.